தந்திக்கு வந்த நோய்

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நீலாயதாட்சி வீட்டிலிருந்து கிளம்பும்போதே வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தாள். டாக்டர், இதுக்கு ஊசி போட்டுடலாமா. அவ்வளவுதான், நான்கு வார்த்தை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருஷமாக உட்கார்ந்து தினமும் நூறு பேருக்குப் பதில் சொல்கிறவளுக்கு நான்கு வார்த்தை ஒரு பாரமா. ஆனால் உறையூரில் இருந்த அந்தப் பிராணிகள் கிளினிக்கின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பதினான்கு என்று எழுதிய மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கியதிலிருந்து, அந்த நான்கில் ஏதாவது ஒன்று நழுவிக்கொண்டே இருந்தது. எந்த ஊசி என்று டாக்டர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது. காய்ச்சலுக்கும் ஊசிதான், வெறிக்குப் போடுவதும் ஊசிதான். தூங்கவைத்துத் திரும்ப எழுப்பாத ஊசி என்று இத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா. மெதுவாகச் சொல்லலாம். மெதுவாகச் சொன்னால் டாக்டர் என்னம்மா என்பார், மறுபடியும் சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் தானாக உயர்ந்துவிடும். அவள் காலடியில் தந்தி படுத்திருந்தான். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும், பதினெட்டு கிலோ. நான்கு வருஷத்துக்கு முன் தபால் ஆபீஸின் பின்பக்கம் மூட்டை கட்டும் இடத்தில் மழைக்கு ஒதுங்கிய குட்டி. தபால்காரர் இருதயராஜ்தான் அந்தப் பெயரை வைத்தார். எதையும் யோசிக்காமல் கதவைத் தாண்டி நேராக உள்ளே ஓடி வருகிறான், தந்தி மாதிரி, என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் பையில் வைத்துக்கொண்டு போனாள். அப்போது கீழ்வீட்டு அம்மாள், அதாவது வீட்டுச் சொந்தக்காரி லலிதகுமாரி, ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் சொன்னாள். மாடிப்படியில் அவன் விழுந்து உதைத்துக்கொண்டதை அவளும் பேத்தியும் பார்த்துவிட்டார்கள். பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியில் நின்று, உள்ளே வராமலேயே சொன்னாள்: "மேடம், அது வெறி நாயோ என்னவோ. குழந்தை இருக்கிற வீடு. நாளைக்குள்ள ஊசி போட்டுட்டு வந்துடுங்க. இல்லன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கறதுதான் நல்லது." வெறிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது, ஒரு வருஷமும் தேதி தவறவில்லை, என்று நீலா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிங்கம்மா என்றாள். சரி என்பது அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தை. அது மட்டும் நழுவுவதே இல்லை.

உள்ளேயிருந்து பத்து என்று கூப்பிட்டார்கள். வெள்ளைப் பூனையைக் கூடையில் வைத்திருந்த தம்பதி, தங்களுடையது பதின்மூன்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஆள் இருக்கிறது, அதனால் சொல்லிக்கொள்கிறார்கள். நீலா தன் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றுமில்லை. புதன்கிழமை காலை பால் அடுப்பில் இருந்தது. ஆறு மணிகூட ஆகவில்லை. ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது, சிமெண்டுத் தரையில் நகங்கள் தட்டுகிற சத்தம், தாளம் தப்பாத ஒரு தட்டல், யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்வதுபோல. திரும்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் விழுந்து கிடந்தான். கழுத்து பின்னுக்கு வளைந்து, கால்கள் நான்கும் விறைத்து, பிறகு அந்த விறைப்பு உடைந்து, ஓடாத ஓட்டமாக உதைத்துக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் அதற்குள் அவன் இல்லை. வாயோரம் நுரை தரையில் இழுபட்டது. அடியில் ஈரம் பரவியது. பிறகு என்ன நடந்தது என்பதை இந்த மூன்று நாளாக அவள் எத்தனையோ தடவை மாற்றி நினைத்துப் பார்க்க முயன்றாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று. தலைக்குக் கீழே துணி வைத்தாள் என்று. ஒவ்வொரு தடவையும் நினைவு அவளைச் சமையலறைச் சுவரிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முதுகில் காலண்டரின் ஆணி குத்தியதுகூட ஞாபகம் இருக்கிறது. கையில் கரண்டி இருந்தது, அதை ஓங்கிப் பிடித்திருந்தாள், பால் பொங்கி அடுப்பை அணைத்தது, அவள் நகரவில்லை. அவளுக்குத் தெரியாதா. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே நோய் அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து இருக்கிறது. ஆனால் அதுதான் விஷயம், அவள் அதைப் பார்த்ததே இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், தன் வீட்டுச் சமையலறையில், ஒரு நாயின் உடம்பில், முதல் தடவையாகப் பார்த்தாள்.

நாகப்பட்டினத்தில், ஒன்பதாம் வகுப்பில், பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கோ பால் தீய்கிற வாசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஏது பால் என்று யோசித்தாள். அடுத்தது விட்டமும், அதைச் சுற்றி முகங்களும். நடுவில் ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை, இருட்டு என்றால் ஏதோ இருந்ததாக ஆகிவிடும். புத்தகத்தில் நடுப்பக்கம் ஒன்றைக் கிழித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டினால் எப்படி, அப்படி. வாசனை, முகங்கள். முதலில் எல்லா முகமும் தூரத்தில் இருக்கும், சுவர் ஓரமாக. பிறகு அம்மாவின் முகம் மட்டும் கிட்டே வரும். என்னம்மா ஆச்சு எனக்கு என்று கேட்டால் அம்மா சொல்ல மாட்டாள். "ஒண்ணுமில்ல, மயக்கம்." மயக்கத்துக்கு ஏன் நாக்கு கடிபட்டிருக்கிறது, ஏன் பாவாடை நனைந்திருக்கிறது. "ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல." அம்மா அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போனாள். தம்பியும் பார்த்திருக்கிறான், அவனும் சொன்னதில்லை, இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுவதோடு சரி. மாத்திரை கிடைத்த பிறகு குறைந்தது. வருஷத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒன்று. கவுண்டரில் சில சமயம் முத்திரையைக் கையில் பிடித்தபடி நான்கைந்து நொடி அப்படியே நின்றுவிடுவாள், மேடம், மேடம் என்று வெளியிலிருந்து குரல் வந்ததும் முத்திரை கவரில் இறங்கும், அவ்வளவுதான், ஏதோ யோசனை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். மாத்திரையை அவள் ஒரே மருந்துக்கடையில் இரண்டு தடவை வாங்கியதில்லை. ஒரு மாசம் பாலக்கரை, ஒரு மாசம் தில்லைநகர். வாசனை வந்தால் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். போடாதே போடாதே என்று எல்லா டாக்டர்களும் சொன்னார்கள். விழுவதைவிட விழுவதை யாராவது பார்ப்பது பெரிய ஆபத்து என்று அந்த டாக்டர்களுக்கு யார் சொல்வது. மாயவரத்தில், கல்யாணமாகிப் பதினோராம் நாள், அப்படித்தான் போட்டுக்கொண்டாள். மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடு என்று அம்மா டப்பாவைப் புடவை மடிப்புக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். புது வீட்டில் தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தால்தானே. நாத்தனார் கூடவே வந்தாள், மாமியார் கூடவே இருந்தாள், எல்லோரும் அன்பாக இருந்தார்கள், அன்பாக இருக்கிறவர்களிடமிருந்து நகர முடியவில்லை. பத்து நாள் ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். கண் விழித்தபோது முகங்கள் தூரத்தில், கிட்டே வருகிற முகம் எதுவும் இல்லை. பஞ்சநதம், அவள் கணவன், அறைக்கு வெளியில் நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நின்றான். நல்ல மனுஷன். எட்டாம் நாள் அவளுக்குச் செருப்பு வாங்கி வந்து, காலில் சரியாக இருக்கிறதா என்று குனிந்து அமுக்கிப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூடவே வந்து நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டான். வழி முழுக்கப் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "ஏன் சொல்லல?" கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போலக் கேட்டான். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் கழுவும்போது, கியூவில் நிற்கும்போது, ஒவ்வொரு தடவையும் வேறு பதில். அம்மா சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் கல்யாணம் நடந்திருக்காது. நீங்க கேட்கல. பயம். எதுவும் பொருந்தவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது, அவனிடம் கேட்க: நீங்க என்ன பார்த்தீங்க? குளியலறைக் கதவு உடைந்ததும், தரையில், என்ன பார்த்தீங்க, அப்படி என்ன இருந்தது, நிலைப்படியைத் தாண்ட முடியாமல்? புதன்கிழமை காலை அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்தபோது கையில் கரண்டியோடு சுவரில் நின்றாள். அவனாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். அவள் இங்கே ஊசி கேட்க வந்திருக்கிறாள்.

"என்ன செய்யுது நாய்க்கு?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். வெள்ளாடு ஒன்றைக் கயிற்றில் பிடித்திருந்த ஆள், லுங்கியும் சட்டையும், ஐம்பது வயது இருக்கும். ஆட்டின் வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"சரியா சாப்பிடல," என்றாள் நீலா.

"எங்க ஆடு அதிகமா சாப்பிட்டுருச்சு," என்றார் அவர்.

சிரிக்க வேண்டிய இடம், சிரித்தாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. நாய்க்காகவும் பொய். தந்தி எழுந்து நின்று அவள் முழங்காலில் தலையை வைத்தான். எடுத்து, மறுபடி வைத்தான். உள்ளங்கைக்குள் மூக்கை நுழைத்தான். சும்மா படு என்று தள்ளினாள். உள்ளே பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள், இன்னும் இரண்டு பேர், நான்கு வார்த்தை. டாக்டர் பெண் என்று சொன்னார்கள். பெண் என்றால் சுலபமா, கஷ்டமா. வீட்டுக்காரம்மா சொல்றாங்க என்று ஆரம்பிக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் நேற்று இரவு படுக்கப் போகும்போது லலிதகுமாரி சொன்னது ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. இனி அந்த நகங்களின் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே தூங்க வேண்டாம். இனி அதைப் பார்க்க வேண்டாம். அவன் மறுபடி வந்து அவள் புடவைக் கொசுவத்துக்குள் முகத்தைத் திணித்துக்கொண்டு, உடம்பை முழுக்க அவள் கால்களோடு சாய்த்தான். இவனுக்கு என்ன இன்றைக்கு. போடா, என்று மறுபடி தள்ளினாள், தள்ளிய கைக்குக் கீழேயே அவன் உடம்பு மரமாகி, பெஞ்சின் காலில் இடித்துக்கொண்டு சரிந்தது.

கூடம் காலியானது. ஒருவரும் வெளியே போகவில்லை, ஆனாலும் நடுவில் யாரும் இல்லாமல் போனார்கள். பூனைக்கூடையை அந்தப் பெண் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனது. எல்லோரும் சுவரில். நீலா எழுந்தாள், அவள் கால்களும் சுவர்ப் பக்கம் ஒரு அடி வைத்தன, அதை அவள் பிறகும் ஒப்புக்கொள்வாள், ஒரு அடி முழுதாக வைத்தன. அடுத்த அடி வைக்க இடமில்லை, சுவர் முழுக்க ஆட்கள். திரும்பினாள். பெஞ்சைக் காலால் தள்ளினாள். தரையில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டி அவன் தலைக்குக் கீழே கொடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்று இருபது, நொடிமுள் எட்டில். "கையில இரும்பு குடுங்கம்மா," என்றார் ஆட்டுக்காரர், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தள்ளிவிட்டார், அது தரையில் சறுக்கி அவன் உதைக்கும் காலடியில் வந்து நின்றது. எந்தக் கையில் கொடுப்பது. வாயில் கை வைக்காதீங்க என்று யாரோ சொன்னார்கள். அவள் வைக்கவில்லை. விலாவின் மேல் ஒரு கையை வைத்தாள், அமுக்கவில்லை, சும்மா வைத்தாள். உள்ளே என்ன வேகம். ஒரு யந்திரத்தின்மேல் கை வைத்த மாதிரி. நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டியது. நிமிர்ந்து பார்த்தாள். முகங்கள். தரையிலிருந்து பார்த்தால் முகங்களுக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் அதிகம் தெரியும், அது அவளுக்குத் தெரியும், இந்த வட்டத்தை இந்த இடத்திலிருந்து அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். முழு நினைவோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்த முகங்களில் அருவருப்பு இருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். ஒருத்தர் முகத்தில் இருந்தது. மற்ற முகங்களில் என்ன செய்வதென்று தெரியாமை, அவ்வளவுதான். ஆட்டுக்காரர் ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருந்தார். பூனைக்காரப் பெண் அழுதுகொண்டிருந்தாள். உதைப்பு தளர்ந்து, இரண்டு கால், ஒரு கால், ஒரு விரல், நின்றது. ஒரு பெருமூச்சு. வரவேற்பு மேஜைப் பெண்ணும் இன்னொருவரும் வந்து அவனை ஒரு துணியில் போட்டுத் தூக்கினார்கள். வரிசை மாறிப்போனது, பன்னிரண்டைப் பாதியில் வெளியே அனுப்பிப் பதினான்கை உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஷமீமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே கை வேலை செய்தது, ஊசி ஒன்று போட்டாள், அது வேறு ஊசி, கண்ணிமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சும்மா?"

"ஒன்றே முக்கால் நிமிஷம். புதன்கிழமை வந்தது ஒரு நிமிஷம் இருக்கும், அன்னிக்கு மணி பார்க்கல. நேத்து சாயங்காலம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள. முதல்ல விறைப்பு, அப்புறம்தான் உதைப்பு. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வருது. சிறுநீர் போயிடுது. எழுந்ததும் பத்து நிமிஷம் கண்ணு தெரியாத மாதிரி செவுத்துல போய் முட்டறான், அப்புறம் ஒரே பசி."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. செத்துட்டான்னு நினைச்சேன்னுதான் சொல்வாங்க. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

இங்கே சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது, கேட்கிறவள் வைத்தியம் படித்தவள். "சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு இருந்துச்சு," என்றாள் நீலா.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

டாக்டர் தலையாட்டிக்கொண்டாள். வலிப்பு என்றால் இப்படி விழுந்து உதைப்பது மட்டுமில்லை என்றாள். சில நாய்க்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் துடிக்கும். சிலது சும்மா மென்றுகொண்டே இருக்கும். சிலது இல்லாத ஈயைப் பிடிக்கும், காற்றில் கவ்வும், பார்க்கிறவர்கள் விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நீலாவுக்குச் சித்திரை மாசத்து மொட்டைமாடி ஞாபகம் வந்தது. தந்தி காற்றில் டப் டப் என்று கவ்விக்கொண்டிருந்தான், ஈயே இல்லை, அவள் உட்கார்ந்து சிரித்தாள், அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்போதே ஆரம்பித்துவிட்டதா. கவரின் மேல் இறங்காமல் அந்தரத்தில் நின்ற அவள் முத்திரையைப் பார்த்து யாராவது சிரித்திருப்பார்களா.

"ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன். கல்லீரல் கெட்டாலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும், எலி மருந்து மாதிரி எதையாவது தின்னாலும் வரும். எல்லாம் சரியா இருந்தா, இந்த வயசுல, இப்படி வர்றது காரணம் தெரியாத வலிப்பு நோய்தான். யார் தப்பும் இல்லம்மா. வர்றதுக்கு முன்னாடி உங்களைத் தேடி வந்து ஒட்டிக்கிட்டானா?"

முழங்காலில் வைத்த தலை. உள்ளங்கைக்குள் நுழைந்த மூக்கு. சும்மா படு. போடா.

"சிலதுக்கு வரப்போறது தெரியும்," என்றாள் டாக்டர். "என்னன்னு தெரியாது, ஏதோ சரியில்லன்னு தெரியும். உடனே அவங்க ஆளைத் தேடிக்கிட்டு வந்துரும்."

வாசனை வந்ததும் இவன் ஆளைத் தேடுகிறான். கதவைத் தேடவில்லை. நீலாவுக்கு அந்த நான்கு வார்த்தை மேலே வந்தது. டாக்டர், இதுக்கு, என்றாள். டாக்டர் காத்திருந்தாள். இதுக்கு.

"அந்த நேரத்துல அதுக்கு வலிக்குமா?"

"இல்லம்மா. அவனுக்கு அந்த நேரமே கிடையாது. பார்க்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்."

அது நீலாவுக்குத் தெரிந்ததுதான். முப்பத்தொன்பது வருஷமாகத் தெரியும், வலிக்காது, அந்த நேரமே இல்லை. தெரியாதது பின்பாதி. பார்க்கிறவர்களுக்கு. அம்மா எத்தனை தடவை பார்த்திருப்பாள், மூடிய உதட்டோடு. ஒண்ணுமில்ல, மயக்கம்.

"வீட்டுக்காரம்மா ஊசி போட்டுடச் சொல்றாங்க," என்றாள்.

"அவங்க சொல்றாங்க. நீங்க?"

மேஜையின் மேல் தந்தி கண் பாதி மூடிக் கிடந்தான், நாக்கு ஓரமாகத் தொங்கியது. "நானும் அதுக்குத்தான் வந்தேன்," என்றாள் நீலா.

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "மூணு தடவை பார்த்தா யாருக்கும் அப்படித் தோணும். முதல்ல மாத்திரை குடுத்துப் பாருங்க. நிறைய நாய்க்குக் குறையுது. முழுக்க நிக்கும்னு சொல்ல மாட்டேன். காலையில ஒன்றரை, ராத்திரி ஒன்றரை, பன்னிரண்டு மணி நேரம், தவறக் கூடாது. ஆயுசு முழுக்கக் குடுக்கணும். ஒரு மாசம் நல்லா இருக்கான்னு நீங்களா நிறுத்தினீங்கன்னா அதுதான் ஆபத்து, முன்னைவிட மோசமா திரும்பி வரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காம வந்தாலோ, ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவை அடுத்தடுத்து வந்தாலோ, யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க. மாத்திரை குடுக்க வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் மட்டும்தான்."

சீட்டைக் கையில் வாங்கினாள். டாக்டரின் கையெழுத்து தெளிவாக இருந்தது. முதல் மருந்தின் பெயரைப் படித்தாள், மறுபடி படித்தாள். பதினாலு வயதிலிருந்து அவள் படித்துக்கொண்டிருக்கும் பெயர். அளவு மட்டும் வேறு, இவனுக்கு முப்பது மில்லிகிராம் மாத்திரை, அவளுக்கு அறுபது. கிளினிக்கின் மருந்து ஜன்னலில் சீட்டை நீட்டியபோது கை பழக்கத்தில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள், தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று. நாய்க்கு வாங்குகிறோம் என்று அப்புறம்தான் உறைத்தது. ஜன்னலில் இருந்தவள் மாத்திரைப் பட்டையை அவள் முன்னால் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், வலிப்புக்குத்தானே, காலை ராத்திரி, என்றாள். ஆமாம் என்றாள் நீலா. கூடத்தில் யாரும் திரும்பவில்லை. ஆட்டுக்காரர் தரையில் குனிந்து சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் பின்சீட்டு முழுக்கத் தந்தி கிடந்தான், தலை அவள் மடியில். ஊசியின் மயக்கம் தெளிய மூன்று மணி நேரமாகும் என்றார்கள். பகல் ஒன்றரை மணி வெயில், ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். காலையில் வந்த பாதைதான், கடைகளும் அதே கடைகள்தான், ஆனால் காலையில் அவள் இவனில்லாமல் இந்தப் பாதையில் திரும்பி வருவதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள், எந்தக் கையில் பையைப் பிடித்துக்கொள்வது என்பதுவரை. இப்போது ஒத்திகை இல்லாத திரும்புதல். என்ன செய்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் இருக்கும்போது இவனுக்கு வந்தால். இவனுக்கு வருகிற நேரத்திலேயே அவளுக்கும் வந்தால். ஒரே வீட்டில் இரண்டு உடம்பு, இரண்டும் ஒன்றாக விழுந்தால் நேரம் பார்க்க யார். அந்த யோசனை அவளைப் பயமுறுத்தும் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், இளைத்த உடம்பு, நரைத்த மீசை.

"நாய்க்கு என்னம்மா?"

"வலிப்பு," என்றாள்.

"நாய்க்கெல்லாம் வருமா அது?"

"வரும். எனக்கும் இருக்கு."

சொல்லிவிட்டாள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எந்த வார்த்தையும் நழுவவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தி இறங்கச் சொல்வார் என்று அவள் உடம்பு காத்திருந்தது, மடியிலிருந்த தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முன்னால் ஒரு பஸ் நின்றது, அவர் ஹாரன் அடித்தார், பஸ் நகர்ந்தது.

"மாத்திரை போட்டுக்கிறீங்கள்ல?" என்றார்.

"போட்டுக்கிறேன்."

"அப்ப சரி," என்று சொல்லி, இடது பக்கம் கையை நீட்டி வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவுதானா. அப்ப சரி. அவள் ஜன்னலில்லாத அந்தப் பக்கம் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணில் ஏதோ தண்ணீர், காற்றினால் இருக்கலாம். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்பதற்கு முப்பத்தொன்பது வருஷம் ஆனதா, இல்லை இது எப்போதும் யாரிடமாவது கிடைத்திருக்கக்கூடியதுதானா. எல்லோரும் அப்ப சரி என்று சொல்ல மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். இவர் வண்டி ஓட்டுகிறவர், பத்து நிமிஷத்தில் போய்விடுவார், இவருக்கு என்ன நஷ்டம்.

லலிதகுமாரி கேட்டில் நின்றிருந்தாள். ஆட்டோ சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். நீலா முதலில் இறங்கி, பிறகு தந்தியை வாரி எடுத்தாள், துவண்ட உடம்பு, பதினெட்டு கிலோவைவிடக் கனம். லலிதகுமாரி அவன் தொங்குகிற தலையைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"ஊசி போட்டாச்சா? பாவம். அதை ஏன் இங்க தூக்கிட்டு வந்தீங்க?"

"இல்லம்மா, தூங்கறான். வெறி இல்ல, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கு. வலிப்பு நோய். கடிக்க மாட்டான், குழந்தைக்கு ஒட்டாது." மூச்சு வாங்கியது, இறக்கி வைத்தால் மறுபடி தூக்க முடியாது. "எனக்கும் அதே நோய்தான், பதினாலு வயசுலேருந்து. பன்னிரண்டு வருஷமா உங்க மாடியில இருக்கேன். நான் வேற வீடு பார்க்கணும்னா பார்த்துக்கிறேன், டைம் குடுங்க. இப்ப ரெண்டு பேரும் மேல போறோம்."

லலிதகுமாரி கேட்டைப் பிடித்திருந்த கையை எடுத்து ஒரு பக்கமாக நகர்ந்தாள், பயத்திலா, வேறு எதிலா, நீலா நின்று பார்க்கவில்லை, பார்த்தால் கை விட்டுவிடும். படி ஏற ஆரம்பித்தாள். ஏழாவது படியில் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள், அவனை மடியில் போட்டுக்கொண்டு. அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது, ஒரு படி, நின்றது, இன்னொரு படி.

"பின்னங்காலை நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் லலிதகுமாரி. "தலைப்பக்கம் நீங்களே பிடிங்க."